கூட்டத்துக்கு விட்ட இடம்

மகனுடைய துணி அலமாரிக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஆறுச்சாமி. கதவை உள்ளிருந்து இழுத்து மூடியாயிற்று. இடது தோளில் மருமகள் வேணியின் புடவைகள், வலது தோளில் மகனின் இஸ்திரிச் சட்டைகள், முழங்கால் கதவில் இடித்துக்கொண்டிருந்தது, எதிர்த் தட்டில் லேப்டாப், மடியில் துண்டை விரித்து அதன்மேல் இரண்டு மைக். சாயங்காலத்துக்குள் இரண்டில் ஒன்றை முடிவு செய்துவிட்டு மற்றதை இதயத்துல்லா பாய் கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை டாக்டர் தொண்டையில் கத்தி வைக்கிறார். பேச்சு வரும் பெரியவரே, பேச ஒரு குரல் இருக்கும், ஆனால் இந்தக் குரல் இருக்காது என்று சொல்லியிருந்தார். அடுத்த வாரம் உனக்கு நைட் ஷிப்டு என்று மேஸ்திரி சொல்லுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். இந்தக் குரல் போனால் பாட்டும் போச்சு. முப்பதுக்கு மேல் இருக்கும், ஒன்றுகூடக் காகிதத்தில் கிடையாது. துண்டறிக்கை அடித்தால் போலீஸ்காரன் அச்சகத்தைப் பிடிப்பான், நோட்டில் எழுதினால் வீட்டுச் சோதனையில் அள்ளிக்கொண்டு போவான், ஆகவே மில் கேட்டில் நின்று பாடுகிற பாட்டை யாரும் எழுதி வைக்கக் கூடாது என்பது தொழிற்சங்கத்து வழக்கம். தொண்டையிலேயே இருக்கட்டும், தொண்டையை எவன் பறிமுதல் செய்வான் என்று அன்றைக்குச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது இந்தத் தொண்டை ஒன்றுதான், அதற்கும் தேதி குறித்தாகிவிட்டது.

அலமாரிக்குள் உட்காரச் சொன்னது மகன். முதல் நாள் பால்கனியில் நின்று பழக்கத்தில் வாய்விட்டுப் பாடியதற்கு, கீழ் வீட்டிலிருந்து குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ரொம்ப மரியாதையாக ஒரு புகார் வந்ததாம், யாராவது பெரியவருக்கு உடம்பு சரியில்லையா என்று. அதில் மகனுக்கு முகம் செத்துப் போயிற்று. தொழிலரசன் என்று பெயர் வைத்த பிள்ளை. ஆபீஸ் அட்டையில் டி. அரசன் என்று போட்டுக்கொள்கிறான், தொழிலைக் கழற்றிவிட்டு அரசனை வைத்துக்கொண்டான், ஆட்களை வேலைக்கு எடுப்பதும் அனுப்புவதும்தான் அவனுக்கு உத்தியோகம். துணி நடுவே பாடினால் எதிரொலி வராதுப்பா, வெளிநாட்டிலேயே அப்படித்தான் செய்யறாங்க என்று சொன்னான், நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. கெட்ட மனதோடு சொல்லியிருந்தால் பதில் சொல்லத் தெரியும், நாற்பது வருஷம் அந்த மனதோடுதானே மல்லுக்கட்டினார். மில் கேட்டில் பத்தாயிரம் பேருக்கு முன்னால், லாரிச் சத்தத்துக்கும் லத்திக்கும் மேலே, கடைசி வரிசையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் காதுவரைக்கும் போன குரல், இப்போது பட்டுப்புடவைக்கும் டெரிகாட்டன் சட்டைக்கும் நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு. லாக்கப்பில்கூட இதைவிட இடம் இருந்தது. லாக்கப்பில் பாடியிருக்கிறார். பக்கத்து அறையில் சாராயக் கேஸில் வந்தவன்கூடத் திருப்பிப் பாடினான்.

பாய் கடைக்கு நேற்று மகன்தான் காரில் கூட்டிப்போனான். ஒப்பணக்கார வீதியில் அந்தக் காலத்தில் கூம்பு மைக்செட் வாடகைக்கு விட்டவர், எல்லாக் கட்சிக்கும் கட்டுவார், எங்கள் கூட்டத்துக்கு மட்டும் இரண்டு தடவை செட்டைப் போலீஸ் தூக்கிப்போயிற்று, அப்படியும் மூன்றாம் தடவை கட்டினார். இப்போது கடையில் குளிர்ச்சாதனம், சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு, வாட்டசாட்டமான பெட்டிகள். பாய் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று கைக்கு அடக்கமான தடித்த மைக், தலையில் கம்பி வலை, மேடையில் பார்த்துப் பழகினது, டைனமிக் என்றார். மற்றது பட்டையான வெள்ளி முகம், ரப்பர் கயிற்றில் தொட்டில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒரு வளையத்துக்குள் உட்கார்ந்திருந்தது, கண்டென்சர், அதற்குத் தனியாகக் கரண்டு ஊட்ட வேண்டும். இது எல்லாத்தையும் கேக்கும் தோழரே, அது மூஞ்சிக்கு முன்னாடி நிக்கறதை மட்டும் கேக்கும், ஒண்ணு பொண்டாட்டி இன்னொண்ணு கட்சி, எது எதுன்னு நீங்களே கண்டுபிடிங்க என்று சொல்லிவிட்டு, தாமே முதலில் சிரித்தார். ஆறுச்சாமியும் சிரித்தார், சிரிப்பு பாதியில் காற்றாகப் போயிற்று, தொண்டையில் எங்கோ ஒரு சந்து திறந்திருக்கிறது, அதன் வழியாகப் போகிறது. பாய் அதைக் கேட்டுவிட்டார். காது பழுதில்லாத மனிதர். ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, வீட்டுல வச்சுப் பாடிப் பாருங்க, வேண்டாததை நாளைக்குச் சாயங்காலம் அனுப்புங்க என்றார். அதன்பிறகு சிரிக்கவில்லை.

காலையில் வெள்ளி முகத்துக்காரனை மாட்டினார். காதில் ஹெட்போனை வைத்ததும் திடுக்கென்றது, ஏதோ வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி. தம்முடைய மூச்சு. மூக்கில் வருவது ஒன்று, தொண்டையில் உரசுவது ஒன்று, இரண்டும் தனித்தனியாக. சட்டைப் பித்தான் உரசல். அடுப்படியில் வேணி கடுகு தாளிப்பது. குளிர்பெட்டி முனகுவது. சுவருக்கு அந்தப் பக்கம் லிப்ட் ஏறி இறங்குவது. பழக்கதோஷம், விரலால் இரண்டு தட்டுத் தட்டினார், காதில் இடி விழுந்தது. பழக்கதோஷம், மைக்கை விட்டு முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு தலையைத் தூக்கி, இடது கையைக் காதோரம் குவித்து, கடைசி வரிசைக்கு எறிகிற மாதிரி எறிந்தார், திரையில் சிவப்பாக என்னவோ எரிந்து எரிந்து அணைந்தது. உதடு தொடுகிற தூரத்தில் வந்து ரகசியம் பேசுகிற மாதிரி பாடணுமாம். ரகசியம் பேசத்தான் இவ்வளவு வருஷம் கத்தினோமா. சரி என்று கிட்டே வந்து மெல்ல எடுத்தார். பஞ்சு தின்ன நெஞ்சு இது. அந்த நெஞ்சைத்தான் டாக்டர் கேட்டார், பீடி குடிப்பீங்களா, சிகரெட்டா. எதுவுமில்லை. கார்டிங் டிபார்ட்மெண்டில் பன்னிரண்டு வயதில் நுழைந்தவன், காற்றில் பனி மாதிரி பஞ்சு மிதக்கும், விடிந்தால் எச்சில்கூட வெள்ளையாகத்தான் வரும், அதைத்தான் குடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தார், டாக்டர் ஏற்கெனவே இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தார். முழுப் பாட்டையும் பாடி முடித்தார். இரண்டாவதையும் முடித்தார். வியர்வை முதுகில் ஓடியது. நன்றாக வந்திருக்கும் என்று ஒரு கர்வம்கூட வந்தது, குரல் இருக்கிறது, பழசு ஆனாலும் இருக்கிறது.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது வேணி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கோயமுத்தூர்க்காரிதான், வங்கி வேலை, சனிக்கிழமை லீவு. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள், அவருக்கு அவளைப் பிடிக்கும், பிடிக்கும் என்று காட்டிக்கொண்டதில்லை. தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தயங்கினாள்.

“மாமா, தப்பா நெனைச்சுக்காதீங். பாட்டு மறந்து போச்சுங்களா?”

“என்னது?”

“இல்லீங், வெளிய கேட்டுச்சு. ஒவ்வொரு அடிக்கும் கடைசி வார்த்தை வரவே இல்லீங்களே. சித்த நேரம் சும்மா இருக்கறீங், அப்பறம் அடுத்த அடி எடுக்கறீங்.”

மறக்கவில்லை என்று வெடுக்கென்று சொன்னார். உனக்கென்ன தெரியும் என்பது நாக்கு வரைக்கும் வந்து நின்றது. திரும்ப உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டு ஹெட்போனை மாட்டிக் கேட்டார். பஞ்சு தின்ன நெஞ்சு இது, குனிஞ்சதில்லே எவனுக்கும்... அங்கே நின்றுவிட்டது. பூட்டுப் போட்ட மொதலாளி, கேட்டுப் போடா எங்க... அங்கேயும் நின்றுவிட்டது. முதல் பாட்டு முழுக்க, இரண்டாம் பாட்டு முழுக்க, ஒன்று விடாமல், ஒவ்வொரு அடியும் ஒரு வார்த்தை குறையாக, பல் விழுந்த வாய் மாதிரி. அவருக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. தெரியாமல் என்ன, அதுதானே பாட்டு. கேட்டில் பாடுகிறவன் கடைசி வார்த்தையைப் பாட மாட்டான். அது கூட்டத்துக்கு. அஞ்சி என்று அவர்கள் சொல்ல வேண்டும், பாட்டு என்று அவர்கள் சொல்ல வேண்டும், நூலைச் சிட்டம் சுற்றுகிற, எழுதப் படிக்கத் தெரியாத ரீலிங் பொம்பளைகள்கூட அடுத்து என்ன வார்த்தை விழும் என்று வாயில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரிதான் அடியைக் கட்ட வேண்டும். கேட்கிறவன் வாயில் ஏற்கெனவே இல்லாத வார்த்தையைக் கடைசியில் வைத்தால் அது பாட்டே இல்லை, பிரசங்கம் என்று பழைய தோழர்கள் எகிறுவார்கள். நாற்பது வருஷத்தில் ஒரு அடியையாவது அவர் முழுசாகப் பாடியிருக்கிறாரா. யோசித்துப் பார்த்தார். இல்லை. வீட்டில் குளிக்கும்போதுகூட இல்லை, பெண்டாட்டி இருந்தவரை அடுப்படியிலிருந்து அவள் சொல்லி முடிப்பாள், எரிச்சலோடு சொல்லி முடிப்பாள், ஆனால் முடிப்பாள். அவள் போனபிறகு குளிக்கும்போது பாடுவதில்லை.

அதோடு போகட்டும் என்றால் அந்த வெள்ளி முகத்துக்காரன் அதோடு விடவில்லை. நிறுத்தின இடத்தில் எல்லாம் என்ன இருக்கிறது என்று காட்டினான். எவனுக்கும் என்று நிறுத்தினால் அங்கே குக்கர் விசில். எங்க என்று நிறுத்தினால் லிப்டுக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல், அஞ்சாம் மாடி என்று இங்கிலீசில். அடுத்ததில் குளிர்பெட்டி. அடுத்ததில் கீழே கார் பின்னால் எடுக்கிற டிங் டிங். இவர் கேட்கிறார், கட்டடம் பதில் சொல்கிறது. இந்தக் கட்டடம். மில்லை இடித்துக் கட்டின கட்டடம். ஸ்பிண்டில் பார்க் என்று பேர் வைத்திருக்கிறார்கள், வாசலில் நூல் நூற்கிற ஒரு பழைய ரிங் பிரேம் மிஷினுக்கு நீலப் பெயிண்டு அடித்துப் புல்தரையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அதில் ஏறிப் போட்டோ எடுக்கின்றன. வேலைநீக்கம் செய்தபிறகு செத்தாலும் கேட்டுக்கு உள்ளே விட மாட்டேன் என்று மேனேஜர் சொன்னான், இன்றைக்கு உள்ளே இருக்கிறார், கார்டிங் டிபார்ட்மெண்ட் இருந்த இடத்துக்கு நேர் மேலே, ஆகாயத்தில், மகன் கடனில் வாங்கின சுவருக்குள், அந்தச் சுவருக்குள் ஒரு அலமாரிக்குள். கதவடைப்பு செய்து ஜெயித்தவன் மொதலாளி. இவரை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு ஜெயித்திருக்கிறான். மில்லை மூட முத்தரப்புப் பேச்சில் கையெழுத்துப் போட்டவர்கள், விருப்ப ஓய்வு என்று ஒரு காகிதத்தை நீட்டினதும் ஓடிப்போய் வரிசையில் நின்றவர்கள், அவர்களெல்லாம் எங்கே இருக்கிறார்கள், நல்லாத்தான் இருப்பார்கள். கையெழுத்துப் போடாத அவர் இங்கே இருக்கிறார். மூச்சு முட்டியது. கதவைத் திறக்கலாம். திறந்தால் வேணி பார்ப்பாள்.

அப்போ அந்த வார்த்தையையும் நாமே பாடிவிட்டால் என்ன. அறிவுக்கு அது சுலபமாகத்தான் தெரிந்தது. குனிஞ்சதில்லே எவனுக்கும், என்று எடுத்தார், அஞ்சி என்று சொல்லப் போனார், தொண்டை மூடிக்கொண்டது. வலியில்லை. சந்து திறந்து காற்றுப் போகவும் இல்லை. வண்டிமாடு பழகின வளைவில் திரும்பிக்கொள்கிற மாதிரி தானாக நின்றது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. நாலாவது தடவை பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார், அஞ்சி என்றார், ஹெட்போனில் ஒரு கிழவன் அஞ்சி என்றான். தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்கிற கிழவன், பஸ் ஸ்டாண்டில் தனியாகப் பேசிக்கொண்டு போகிறவனைப் பார்த்திருக்கிறோமே, அவன். எவனுக்கும் அஞ்சாதவன் என்று அவனே சொல்லிக்கொள்கிறான், வேறு யாரும் சொல்லவில்லை. அழித்தார். சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருப்பதை அமுக்கினால் அழியும் என்று மகன் காட்டியிருந்தான். மகன் நேற்றே ஒரு வழி சொன்னான், பின்னாடி கூட்டச் சத்தம் வேணும்னா டவுன்லோடு பண்ணிச் சேர்த்துக்கலாம்பா, ப்ரீயாவே கிடைக்குது என்று. எங்கேயோ எந்த ஊரிலோ பந்தாட்டம் பார்க்க வந்தவன் கத்தின கத்தல், அவனுக்கு இந்த வார்த்தை தெரியாது, வெறும் கத்தல். காசுக்கு ஆள் பிடித்துக் கூட்டம் காட்டுகிறவன் செய்கிற வேலை. அந்த வேலையைச் செய்ததில்லை என்பதுதான் அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே சொத்து. யாரையாவது கூப்பிடலாம். யாரை. கேட்டில் கூடவே நின்ற கிட்டான் உயிரோடு இல்லை. ரீலிங் பாப்பாத்தி மகளோடு திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி, காது சுத்தமாகப் போய்விட்டதாம். வேலுமணி இருக்கிறான், உக்கடத்தில், குரலும் இருக்கும், ஆனால் அவன் கையெழுத்துப் போட்டவன். அவன் வந்து நின்று குனிஞ்சதில்லே என்றதற்கு அஞ்சி என்று முடிப்பான், முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். வேண்டாம். செத்துப் போகட்டும் பாட்டு. இல்லை, போகக் கூடாது. போகக் கூடாது என்றுதானே இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறோம். திங்கட்கிழமை மயக்க மருந்து கொடுக்கிறதுக்கு முன்னால் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொல்லுவார்களாம். அதுதான் இந்தக் குரல் பேசுகிற கடைசிப் பேச்சாக இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று. என்ன அசிங்கம்.

வெள்ளி முகத்துக்காரனைக் கழற்றித் துண்டில் வைத்தார். மற்றதை மாட்டினார். கம்பி வலையில் உதடு பட்டது, இரும்பு வாசம், அது பழகின வாசம், மேடையில் தமக்கு முன்னால் பேசினவனின் வெற்றிலை வாசம் மட்டும்தான் இல்லை. ஹெட்போனில் ஒன்றும் கேட்கவில்லை. பழுதோ என்று நினைத்தார். இல்லை, அவர் பேசவில்லை, அதனால் கேட்கவில்லை. குக்கர் இல்லை, லிப்ட்காரி இல்லை, கார் இல்லை. ஒரு அடி எடுத்து நிறுத்தினார். நிறுத்தின இடத்தில் எதுவும் வந்து உட்காரவில்லை. வெறும் இடமாக இருந்தது. காலி நாற்காலி மாதிரி. சத்தமாக ஒன்று இருந்தால் திட்டலாம், இதை என்ன செய்வது, யாரும் வரவில்லை என்பதற்குப் பதிவு செய்த சாட்சி இது, வருஷக்கணக்கில் இருக்கும். கேட்கிறவன் பாவம் கிழவனுக்கு மறந்துவிட்டது என்பான், வேணி சொன்ன மாதிரி. சொல்லட்டும். மறுபடி ஒரு அடி, மறுபடி அந்த இடம். இவ்வளவு காலமும் நான் என்னுடைய பங்கைத்தான் பாடினேன், என்னுடைய பங்கைத்தான் வைத்துவிட்டுப் போக முடியும், அடுத்தவன் பங்கை நான் எடுத்து விழுங்கினால் எனக்கும் மொதலாளிக்கும் என்ன வித்தியாசம். ஆள் வந்தால் நிரப்பட்டும். வராவிட்டால் காலியாகக் கிடக்கட்டும். ஆனால் அந்த இடத்தில் இந்தக் கட்டடம் வந்து உட்காரக் கூடாது. அது மட்டும் கூடாது. முடிவாகிவிட்டது, ஆனாலும் முடிவெடுத்ததற்குரிய நிம்மதி வரவில்லை, நெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவே இருந்த அந்த ஒரு ஜாண் இன்னும் குறுகிப் போனது.

கதவை முழங்காலால் தள்ளித் திறந்தார். வேணி எழுந்து வந்தாள். வெள்ளி மைக்கை அதன் பெட்டியோடு நீட்டி, இதைப் பாய் கடையில் கொடுத்துவிடச் சொன்னார். அவள் வாங்கிக்கொண்டு, இதுதான் உசத்தி, இதில்தான் எல்லாம் துல்லியமாகக் கேட்கும் என்று இவர் சொன்னாரே என்றாள். இவர் என்றது மகனை.

“எனக்கு எல்லாம் கேக்க வேண்டாம் கண்ணு.”

கண்ணு என்று அவளை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, இருவருக்குமே அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அவள் போகவில்லை. பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். கீழ் வீட்டு அக்கா மறுபடி கேட்டார்கள் என்றாள், அழுகிற மாதிரி இருந்ததாம், நான் பாட்டு என்று சொல்லிவிட்டேன், அப்படியா என்றார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. காற்றாக வந்தது. போய் வேலையைப் பார் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல், சிவப்புப் பொத்தானை அமுக்கினார். நேரம் இல்லை. இருப்பது இந்தச் சாயங்காலமும் நாளையும்தான். வாயைக் கம்பி வலைக்குக் கிட்டே கொண்டுபோய், கையைக் காதோரம் குவித்து, அவளைப் பார்க்காமல் எடுத்தார். நூத்த நூலு கோடி முழம். இழுத்து விட்டார். செத்த அன்னிக்கு நாலே நாலு...

நிறுத்தினார். பார்க்கக் கூடாது என்று இருந்தவர் பார்த்துவிட்டார். வேணியின் உதடு அசைந்தது. முழம் என்றாள். சொல்லப் போகிறோம் என்று தெரியாமலே சொன்னவளுடைய முகம். ஹெட்போன் காதை அடைத்திருந்தது, அவருக்குச் சத்தம் கேட்கவில்லை, திரையில் பச்சைக்கோடு கொஞ்சமும் எழவில்லை, அவள் நின்ற தூரத்துக்கு இந்த மைக்குக்குக் காது கிடையாது. கேட்டிலும் அப்படித்தான், எவன் பதில் சொன்னான் என்று பாடுகிறவன் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, பார்த்தால் அடுத்த அடி விழாது. கையை நீட்டிக் கதவை இழுத்து மூடினார். புடவைகள் தோளில் வந்து விழுந்தன. வெளியே அவள் நிற்கிறாளா, அடுப்படிக்குப் போய்விட்டாளா, இங்கிருந்து தெரிவதற்கு வழியில்லை. அடுத்த அடியை எடுத்தார். கடைசி வார்த்தைக்கு முன்னால் நிறுத்தினார். பத்தாயிரம் பேர் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் விடுவாரோ அவ்வளவு நேரம், இருட்டில், வாயைத் திறந்தபடியே விட்டார்.